மாலை நான்கு முதல் ஒன்பது வரை எந்தத் துறை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைக் குடிசைப் பகுதி மக்களை மறுகுடியமர்த்திய கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய பெயர்கள் நாளிதழ்களில் பெரும்பாலும் குற்றச் செய்திகளில்தான் தென்படுகின்றன. விடிய விடியச் சோதனை, இத்தனை ரவுடிகள் கைது, புதிதாக இத்தனை கேமராக்கள் என்பதோடு செய்தி முடிந்துவிடும். குற்றம் நடந்த பிறகு செய்ய வேண்டியதைக் காவல் துறை செய்கிறது. நடப்பதற்கு முன் செய்ய வேண்டியது யாருடைய வேலை என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. இந்தப் பகுதிகளில் 14 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மாலை நான்கு மணியிலிருந்து இரவு ஒன்பது மணி வரை பொறுப்பேற்கும் துறை ஒன்றுகூட இல்லை. குற்றத்தடுப்புக்கென்று அரசு ஒதுக்கும் முதல் ரூபாய் அந்த ஐந்து மணி நேரத்துக்குப் போக வேண்டும் என்று கேட்கவே இக்கடிதம்.

இடத்தின் அளவைச் சொல்லிவிடுகிறோம். 2000-ஆம் ஆண்டு வாக்கில் குடியேற்றம் தொடங்கிய கண்ணகி நகரில் 15,656 வீடுகள். செம்மஞ்சேரியில் 6,764. எட்டு மாடி அடுக்குகளாக எழுந்த பெரும்பாக்கத்தில், எழில் நகரையும் சேர்த்தால், இருபதாயிரத்துக்கு மேல். கண்ணகி நகரில் முதலில் கட்டிய வீடுகள் 195 சதுர அடி. அந்த அளவு வீட்டில் ஐந்து பேர் இருந்தால் வயதுக்கு வந்த பையன் உட்கார இடம் இருக்காது; படுக்க மட்டும்தான் வருவான். 'எந்நேரமும் மாடிப்படியில் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள்' என்று வரும் புகாரில் பாதி சதுர அடிக் கணக்கு. வீடுகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கியதால் பழைய குப்பத்தில் அடுத்தடுத்து இருந்த குடும்பங்கள் பத்து பிளாக்குக்கு அப்பால் சிதறின. 'நீ யார் வீட்டுப் பையன்?' என்று கேட்கும் உரிமை உள்ள பெரியவர்கள் அதோடு போய்விட்டார்கள். இனி எங்கே மறுகுடியமர்வு நடந்தாலும் ஒரு தெருவார் ஒரே படிக்கட்டைச் சுற்றி வருமாறு குழுவாக ஒதுக்கினால் செலவு ஒன்றும் கூடாது. குலுக்கலைக் குடும்பங்களுக்கு இடையில் நடத்தாமல் தெருக்களுக்கு இடையில் நடத்தினால் போதும்.

அடுத்தது எல்லைச் சிக்கல். கண்ணகி நகரின் குப்பையும் சாலையும் சென்னை மாநகராட்சியின் சோழிங்கநல்லூர் மண்டலத்தைச் சேர்ந்தவை. காவல் நிலையமோ 2022 ஜனவரியில் செயல்படத் தொடங்கிய தாம்பரம் ஆணையரகத்தில் சேர்க்கப்பட்டது. கட்டடங்கள் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துடையவை. மக்கள் வாயில் இன்னும் குடிசை மாற்று வாரியம். பெரும்பாக்கம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே, செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் ஊராட்சியில் கட்டப்பட்டது. ஒரு சிற்றூருக்கான ஊழியர் பலத்தோடு இருந்த ஊராட்சியின் தலையில் ஒரு நகரமே வந்து இறங்கியது. இரண்டு குடியிருப்புகளும் சில கிலோமீட்டர் தூரத்தில் இருந்தும், பிள்ளைகள் ஒரே பேருந்தில் போய்வந்தும், குழந்தைகள் பாதுகாப்பு அலகு வேறு, ஆட்சியர் வேறு. எந்தத் திட்டமும் கூட்டத்தின் முதல் பத்து நிமிடத்தில் 'அது எங்கள் எல்லையில் வராது' என்ற வாக்கியத்தில் முட்டி நிற்பது இதனால்தான்.

திட்டமிடத் தொடங்குமுன் எண்ண வேண்டும். இங்கே எண்ணப்படுவது முதல் தகவல் அறிக்கை மட்டும். அது குற்றம் நடந்த இடத்தைக் காட்டுவதைவிட, குற்றம் பதிவான விதத்தைத்தான் காட்டுகிறது. தெருவின் நிலையை அறிய வேறு நான்கு பதிவேடுகள் உண்டு. 112 எண்ணுக்கு வந்த அழைப்புகள், நிலையத்தில் மனு பெற்றுக்கொண்டு கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீதுகள், அரசு மருத்துவமனையில் அடிதடிக் காயத்தோடு வருபவர்களுக்கு எழுதும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) குறிப்புகள், பள்ளியில் தொடர்ந்து பத்து நாள் வராதவர் பட்டியல். நான்கிலும் பெயரை நீக்கிவிட்டு பிளாக் எண், கிழமை, மணி ஆகிய மூன்றை மட்டும் வாரம் ஒருமுறை ஒரே தாளில் ஏற்றினால் போதும். வேல்ஸின் கார்டிஃப் நகரில் மருத்துவமனை அவசரப் பிரிவு செய்ததும் ஏறக்குறைய இதுவே. காயம்பட்டு வந்தவரிடம் எங்கே, எப்போது, எந்த ஆயுதத்தால் என்று கேட்டு, பெயரில்லாமல் காவல் துறைக்கும் நகராட்சிக்கும் அனுப்பினார்கள். காவல் நிலையத்துக்கே வராத சண்டைகள் பல அப்போதுதான் வரைபடத்தில் ஏறின. நம் ஊரில் ஏ.ஆர். குறிப்பில் 'கீழே விழுந்ததாகக் கூறினார்' என்று எழுதி முடிப்பது வழக்கம். இடத்தையும் நேரத்தையும் எழுத ஒரு கட்டம் சேர்த்தாலே பாதி வேலை ஆகிவிடும்.

இதில் வழக்கமாக வரும் கோளாறு ஒன்று உண்டு. மக்கள் காவல் நிலையத்தை நம்பத் தொடங்கினால் முதல் ஆறு மாதத்தில் புகார் எண்ணிக்கை கூடும். குடும்ப வன்முறைப் புகாரில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மேலதிகாரி மாதாந்திர ஆய்வில் 'ஏன் கூடியது?' என்று ஆய்வாளரை நிறுத்திக் கேட்டால், அடுத்த மாதம் மனுக்கள் திருப்பி அனுப்பப்படும், கணக்கு அழகாகும். எனவே முதல் ஆண்டில் புகார் எண்ணிக்கையை வைத்து நிலையத்தை மதிப்பிடுவதில்லை என்று ஆணையர் எழுத்தில் உத்தரவிட வேண்டும். மருத்துவமனைக் காயக் கணக்கை யாரும் அவ்வளவு எளிதில் குறைத்துக் காட்ட முடியாது. ஒப்பீட்டுக்கு அதுவே நல்ல அளவுகோல்.

விளக்குகளைப் பற்றிச் சுருக்கமாக. உயர்கோபுர விளக்கு திறப்பு விழாவுக்கு அழகாக இருக்கும். அடுக்குமாடிகளுக்கு இடையில் அது ஒரு பக்கத்தைப் பகலாக்கி மறுபக்கச் சுவரோரம் கும்மிருட்டை உண்டாக்குகிறது. கண் கூசும் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போகும் பெண்ணுக்கு எதிரே நிற்பவன் முகம் தெரியாது. குறைந்த உயரத்தில், நெருக்கமான இடைவெளியில், ஒரே சீராக எரியும் விளக்குகளே தேவை. சாலை விளக்கு எரியாவிட்டால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குக் கம்ப எண்ணைச் சொல்லிப் புகார் செய்யலாம். மாடிப்படி விளக்கு அந்தக் கணக்கில் வராது; அது குடியிருப்பின் பொது மின் இணைப்பில் ஓடுகிறது. பராமரிப்புத் தொகை வசூலாகவில்லையென்றால் பல்பு மாற்ற ஆள் வராது. குடியிருப்போர் சங்கம் வசூலிக்கும் தொகைக்கு இணையாக அரசும் பணம் போடும் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டம் இதற்காகவே இருக்கிறது. ஆனால் முதல் வசூலையே கொடுக்க முடியாத பிளாக்குகளில்தான் படிகள் இருட்டாக இருக்கின்றன. அத்தகைய பிளாக்குகளுக்கு மாடிப்படி விளக்கையும் லிஃப்டையும் சங்கத்தின் தலையில் கட்டாமல் வாரியமே பார்த்துக்கொள்ள வேண்டும். மாலை ஏழு மணிக்கும் இரவு ஒன்பதரைக்கும் மின் உதவிப் பொறியாளர், வாரியத்தின் களப் பணியாளர், காவலர் ஒருவர், அங்கேயே குடியிருக்கும் இரண்டு பெண்கள் ஆகியோர் சேர்ந்து ஒருமுறை நடந்தால் பட்டியல் தயார். பகலில் ஆய்வு செய்து விளக்குத் திட்டம் எழுதுவது இந்நகரத்தின் நெடுநாள் வேடிக்கை.

இனி கேமரா. சென்னைக் காவல் துறையின் 'மூன்றாவது கண்' திட்டத்தில் கடைக்காரர்கள், குடியிருப்போர் பணத்தில் கேமராக்கள் ஏறின. பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியில் 425.06 கோடி ரூபாயில் பாதுகாப்பான நகரத் திட்டம் ஒப்புதல் பெற்றது. கண்டுபிடிப்பதற்கு இவை உதவுகின்றன என்பதில் ஐயமில்லை. தடுப்பதற்கு எவ்வளவு உதவும்? பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான மதிப்பீட்டில், வாகன நிறுத்துமிடங்களில் நல்ல பலன் தெரிந்தது. வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை.

அதைவிட, மாட்டும் விதத்தில் உள்ள குறைகள் இங்கே பெரிது. முன்பின் தெரியாத ஒருவர் முகத்தை அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் தேவை என்பது ஐரோப்பியத் தர அளவு. இரண்டு மெகாபிக்சல் கேமராவின் படம் 1,920 பிக்சல் அகலம். ஆக ஏழரை மீட்டர் அகலத்துக்குமேல் அதில் முகம் பிடிபடாது. அதே கேமராவை முப்பது மீட்டர் அகல மைதானத்தின் மேல் திருப்பிவைத்தால் மீட்டருக்கு 64 பிக்சல். யாரோ ஒருவர் ஓடுகிறார் என்பது மட்டும் தெரியும். நுழைவாயிலுக்கு ஒன்று நெருக்கமாக, மைதானத்துக்கு ஒன்று அகலமாக என்று பிரித்து மாட்ட வேண்டும்.

பதிவு நாள் கணக்கும் இப்படித்தான். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வீதம் அனுப்பினால் நாளொன்றுக்கு 21.6 ஜி.பி. பதினாறு கேமராவுக்கு ஏறக்குறைய 346 ஜி.பி. பதிவுப் பெட்டியில் 4 டி.பி. ஹார்டு டிஸ்க் இருந்தால் பன்னிரண்டாவது நாளே பழைய பதிவு அழியத் தொடங்கும். முப்பது நாள் பதிவு வேண்டுமானால் 10 டி.பி.க்கு மேல் தேவை. நன்கொடையாளர் கேமராவுக்குப் பணம் கொடுப்பார், பெயர்ப்பலகையும் வைப்பார். டிஸ்க்குக்கும், யு.பி.எஸ். பேட்டரிக்கும், சாலை வெட்டில் அறுந்த கேபிளுக்கும், லென்ஸை மறைத்த வேப்பங்கிளைக்கும் யாரும் பணம் கொடுப்பதில்லை. பராமரிப்புக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் இல்லாமல் புதிய கேமராவை ஏற்றுக்கொள்வதில்லை என்று காவல் துறை விதி வகுத்தாலே போதும். புதிதாக வாங்குவதற்கு முன் இருப்பதில் எத்தனை ஓடுகிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.

இப்போது அந்த ஐந்து மணி நேரம். இருக்கும் திட்டங்களை வயதுவாரியாக ஒரு தாளில் எழுதினால் ஓட்டை கண்ணில் படும். ஆறு வயது வரை அங்கன்வாடி. தொடக்கப் பள்ளிக்குக் காலை உணவுத் திட்டம். இல்லம் தேடிக் கல்வி மாலை ஐந்து முதல் ஏழு வரையிலான நேரத்துக்கென வந்த அருமையான ஏற்பாடு. ஆனால் அது 2021-இல் தொடங்கும்போதே எட்டாம் வகுப்போடு நின்றது. காவல் துறையின் மாணவர் திட்டமான 'சிற்பி' 2022-இல் நூறு பள்ளிகளில் ஐயாயிரம் மாணவர்களோடு தொடங்கியது. அதுவும் எட்டாம் வகுப்பு. திறன் பயிற்சி தரும் 'நான் முதல்வன்' திட்டம், படிப்பில் இருப்பவர்களுக்கு. ஒன்பதாம் வகுப்பில் தவறி, பள்ளிக்கும் போகாமல், பதினெட்டு ஆகாததால் நிறுவன வேலையும் கிடைக்காமல் நிற்கும் பையனுக்கும் பெண்ணுக்கும் எதுவும் இல்லை. தாய் விடியற்காலைப் பேருந்தில் வீட்டு வேலைக்கு நகரத்துக்குள் போய்விட்டுத் திரும்பும்போது இருட்டிவிடும். இந்தப் பிள்ளைகளோடு மாலையில் பேசக் காத்திருக்கும் ஒரே 'நிறுவனம்' கஞ்சாவும் மாத்திரையும் விற்பவன்தான். செல்போன் பறிக்க வண்டி ஓட்டவும், பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கவும் பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டவனை அவர்கள் தேடுவதும், சட்டம் இளகும் என்ற கணக்கில்தான்.

செய்ய வேண்டியது புதிய கட்டடம் அன்று. அரசுப் பள்ளி வளாகத்தையும் வாரியத்தின் சமுதாயக் கூடத்தையும் மாலை ஐந்திலிருந்து எட்டரை வரை திறந்து வைப்பது. இதில் தோல்வி எங்கே வரும் என்றால், சாவியில். வளாகச் சாவி தலைமை ஆசிரியரிடமோ காவலாளியிடமோ இருக்கும். அவர் ஆறு மணிக்குப் போய்விடுவார். பொருள் காணாமல் போனால் பொறுப்பு அவர் மேல் விழும் என்பதால் நீட்டிக்க ஒப்பமாட்டார், அதில் நியாயமும் உண்டு. மாலை ஐந்துக்குமேல் வளாகப் பொறுப்பு மாநகராட்சிச் சமூகப் பணியாளருக்கு மாறும் என்ற எழுத்துபூர்வ ஒப்படைப்பும், வகுப்பறைகளைப் பூட்டி மைதானம், கழிவறை, ஒரு கூடம் ஆகியவற்றுக்கு மட்டும் தனிச் சாவியும் இருந்தால் இது தீரும்.

ஒரு மையத்துக்கு நாள்தோறும் அறுபது பிள்ளைகள் என்று வைத்துச் செலவைக் கணக்கிட்டால்: முழுநேரப் பயிற்றுநர் 20,000, பகுதிநேரப் பெண் பயிற்றுநர் 15,000, சமூகப் பணியாளர் 25,000, தலைக்கு 15 ரூபாய் வீதம் 25 நாளுக்குச் சுண்டலும் பாலும் 22,500, மின்சாரமும் பந்து, பாய் வகையும் 7,500. மாதம் 90,000, ஆண்டுக்கு 10.8 லட்சம். மூன்று குடியிருப்புகளிலும் சேர்த்துப் பத்து மையங்கள் நடத்த 1.08 கோடி. இதில் வெட்டுவதானால் பந்தில் வெட்டலாம், சுண்டலில் வெட்டக்கூடாது. மதியச் சாப்பாட்டோடு மாலை ஆறு வரை இருக்கும் பிள்ளை விளையாட வரமாட்டான். பெண் பயிற்றுநரையும் வெட்டக்கூடாது. அவர் இல்லாவிட்டால் இரண்டே வாரத்தில் மைதானம் முழுக்க ஆண் பிள்ளைகளிடம் போய்விடும். வாரத்தில் மூன்று நாள் முதல் ஒன்றரை மணி நேரம் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி, வீடு திரும்ப ஒரு பெரியவர் துணையும் வைத்தால் அவர்கள் நிலைப்பார்கள்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2025-இல் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் இருந்தார். அங்கே இருந்தது ஒரு திடல், தவறாமல் வரும் பயிற்றுநர், மாறாத நேரம். பரிசுத் தொகையும் பாராட்டும் வந்தது நல்லது. ஆனால் பதக்கம் வாங்காத ஐம்பத்தொன்பது பேருக்கும் அந்தத் திடல் அதே நேரத்தில் திறந்திருக்க வேண்டும். காவல் துறை நடத்தும் சிறார் மன்றங்களில் இதே அனுபவம் வேறு விதமாக வருகிறது. ஆர்வமுள்ள ஆய்வாளர் இருக்கும்வரை கேரம் பலகையும் டியூஷனும் நடக்கும். அவருக்கு மாறுதல் வந்தால் கதவு பூட்டப்படும். மன்றம் ஆய்வாளரின் நல்ல மனத்தில் நடக்காமல் மாநகராட்சியின் சம்பளப் பட்டியலில் நடக்க வேண்டும். காவலர் வாரத்தில் ஒரு நாள் சீருடை இல்லாமல் வந்து விளையாடினால் போதும்.

பிள்ளை காவல் நிலையத்துக்குள் முதன்முதலாகக் கால் வைக்கும் நாள், திட்டமிடுபவர்கள் கவனிக்காத இன்னொரு இடம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் அதன் விதிகளும் தெளிவாக இருக்கின்றன. கொடுங்குற்றம் அல்லாதவற்றில், பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகக் குற்றச்சாட்டு இல்லாத நிலையில், பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் மேல் முதல் தகவல் அறிக்கை பதியக்கூடாது. நிலையத்தின் பொது நாட்குறிப்பில் பதிவு செய்து, சமூகப் பின்னணி அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-ஆம் பிரிவில் பறிப்புக்கு உச்சத் தண்டனை மூன்றாண்டு. தண்டனை மூன்றாண்டைத் தாண்டாததால் செல்போன் பறிப்பு சிறார் சட்டத்தில் சிறு குற்றம். நடைமுறையில் அது வழிப்பறியாக எழுதப்படுகிறது, அல்லது கூட ஒரு பத்தொன்பது வயதுக்காரர் பெயர் சேர்க்கப்படுகிறது. வயதிலும் குழப்பம். சட்டத்தின் 94-ஆம் பிரிவு முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றைக் கேட்கிறது. அது இல்லாவிட்டால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் வயதறியும் எலும்புப் பரிசோதனை. ஆதார் அட்டை இந்த வரிசையிலேயே இல்லை. நிலையத்தில் முதலில் கேட்பதோ அதைத்தான். பெற்றோர் பள்ளி மாற்றுச் சான்றிதழின் நகலை வீட்டில் வைத்திருந்தால் பல நாள் அலைச்சல் மிச்சம்.

ஒவ்வொரு நிலையத்திலும் உதவி சார்பு ஆய்வாளர் தகுதிக்குக் குறையாத ஒருவர் குழந்தைகள் நலக் காவல் அலுவலராக இருக்க வேண்டும். இருக்கிறார், ஆனால் பந்தோபஸ்துக்கும் அவரே, நீதிமன்றப் பணிக்கும் அவரே. சமூகப் பின்னணி அறிக்கையும் 'தந்தை குடிப்பழக்கம் உள்ளவர், கூடா நட்பு' என்று எல்லோருக்கும் ஒரே வரியில் நிரப்பப்படுகிறது. அது சரியாக எழுதப்பட்டால் அதைவிட நல்ல திட்ட ஆவணம் வேறில்லை. பெயரை நீக்கி ஓராண்டு அறிக்கைகளைப் பரப்பிவைத்தால், எந்த வகுப்பில் பள்ளியை விட்டார்கள், எந்த மாதத்தில், எந்தப் பிளாக்கில், முதல் பணம் யாரிடமிருந்து வந்தது என்பது தெரியும். மையம் எங்கே அமைய வேண்டும் என்பதை அதைக்கொண்டே முடிவு செய்யலாம்.

பதினெட்டைத் தாண்டியவர்களுக்குச் சிக்கல் வேறு. ஏ பிளஸ், ஏ, பி, சி என்று ரவுடிப் பட்டியல் இருக்கிறது. சேர்ப்பதில் இருக்கும் சுறுசுறுப்பு நீக்குவதில் இல்லை. இனிக் குற்றம் செய்யமாட்டேன் என்று எழுதி வாங்கும் நன்னடத்தைப் பிணையைக் கேட்கும் நிர்வாக நடுவர் அதிகாரத்தைக் காவல் துணை ஆணையர்களுக்கு அளித்த அரசாணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் செல்லாதென அறிவித்தது. பிடிப்பவரும் தீர்ப்பவரும் ஒரே துறையில் இருக்கக்கூடாது என்ற எளிய நியாயம் அதில் இருக்கிறது. மூன்றாண்டு வழக்கில்லாமல் வேலைக்குப் போகிறவரைப் பட்டியலிலிருந்து நீக்க ஆண்டுக்கு இருமுறை பரிசீலனை நடக்க வேண்டும். ரோந்துக் காவலர் அவர் வேலை செய்யும் இடத்துக்கே போய்க் கையெழுத்து வாங்கினால் மறுநாள் வேலை இருக்காது. முதல்முறை வழக்கில் சிக்கிய 18 முதல் 24 வயது வரையிலானவர்களுக்காக 2022-இல் தொடங்கிய 'பறவை' மறுவாழ்வுத் திட்டம் சரியான திசை. அதைச் சிறை வாசலில் முடிக்காமல் குடியிருப்பு வரை நீட்டிக்க வேண்டும். சிறார் வழக்கு முடிந்தவர் பற்றிய பதிவைக் குணச்சான்றுக்காக வெளியிடக்கூடாது என்று 74-ஆம் பிரிவு சொல்வதை, பழைய மகாபலிபுரம் சாலையில் ஆள் எடுக்கும் துப்புரவு, காவலாளி ஒப்பந்ததாரர்களுக்கும் சான்று எழுதும் நிலைய எழுத்தருக்கும் யாராவது தெரிவிக்க வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் ஒன்று மட்டும். இப்போது நொறுக்கி ஊசியில் ஏற்றப்படும் டேபன்டடால் வலிநிவாரணி, போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் இல்லை. மருந்துச் சட்டத்தின் கீழ்தான் நடவடிக்கை எடுக்க முடியும். அதாவது மருந்து ஆய்வாளரும் கூரியர் கணக்கும் இல்லாமல் காவலர் மட்டும் பிடித்துத் தீராது. சிகிச்சையும் பத்துப் பதினைந்து நாள் உள்நோயாளியாக இருந்துவிட்டு அதே படிக்கட்டுக்குத் திரும்புவதோடு முடிந்தால் பயனில்லை. அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் இரண்டு மாலை, மனநல மருத்துவரும் ஆலோசகரும் உட்கார வேண்டும். காலை பத்து மணி வெளிநோயாளிப் பிரிவுக்கு இவர்கள் வருவதில்லை.

தன்னார்வலர்களைச் சேர்ப்பது பற்றி எச்சரிக்கை தேவை. 1993-இல் ராமநாதபுரத்தில் தொடங்கிய 'காவல் நண்பர்கள்' குழு, சாத்தான்குளம் மரணங்களுக்குப் பிறகு 2020 ஜூலையில் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. சட்ட அதிகாரம் இல்லாதவரை வாகனச் சோதனையிலும் நிலைய வேலையிலும் பயன்படுத்தியதன் விளைவு அது. இனி அமையும் எந்தக் குழுவுக்கும் விதிகள் எழுத்தில் இருக்கட்டும்: கையில் தடி இல்லை, யாரையும் நிறுத்திக் கேட்பதில்லை, காவல் நிலையத்துக்குள் நாற்காலி இல்லை, கட்சிப் பொறுப்பில் இருப்பவர் உறுப்பினர் இல்லை. விளக்கு எரியாததைச் சொல்வது, பள்ளிக்கு வராத பிள்ளை வீட்டுக்குப் போவது, 181 (மகளிர்), 1098 (குழந்தைகள்) உதவி எண்களுக்கு அழைக்க அஞ்சுகிறவருக்குத் துணை நிற்பது, இவ்வளவே வேலை. மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஏற்கெனவே வாரந்தோறும் கூடுகின்றன. புதிதாக ஆள் தேட வேண்டியதில்லை. பயணப்படியாக ஒரு சிறு தொகை கொடுத்தால் இன்னும் நல்லது. இலவச உழைப்பை ஏழைப் பெண்களிடம் மட்டும் கேட்கும் பழக்கம் நமக்கு அதிகம்.

இவற்றையெல்லாம் ஒரே மேசைக்குக் கொண்டுவர, மண்டல அலுவலர் தலைமையில் மாதாந்திரக் கூட்டம் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய, வட்டார மக்கள் கூட்டமான பகுதி சபையில் அதன் கணக்கைப் படிக்க வேண்டும். இப்படிப்பட்ட கூட்டங்கள் எப்படிச் சாகும் என்பது தெரிந்ததே. முதல் கூட்டத்துக்கு ஆணையர், பொன்னாடை, புகைப்படம். இரண்டாவதற்கு ஆய்வாளருக்குப் பதில் சார்பு ஆய்வாளர். மூன்றாவதற்குத் தலைமைக் காவலர் வந்து 'ஐயாவிடம் சொல்கிறேன்' என்பார். மாதத்தின் இரண்டாவது செவ்வாய் என்று நாளை மாற்றாமல் வைத்து, முடிவெடுக்கும் அதிகாரமுள்ளவரைப் பெயரோடு ஆணையில் குறித்து, சென்ற மாதம் முடியாத வேலைகளின் பட்டியலை முதலில் வாசித்தால் ஓரளவு நிற்கும். ஒரு கூட்டத்தில் மூன்று வேலைக்குமேல் ஏற்கக்கூடாது. பிளாக் 40-இல் படி விளக்கு, பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளி வரை நடைபாதை, பத்து நாள் வராத பதினேழு பிள்ளைகள் என்ற அளவுக்குத் திட்டவட்டமாக இருக்க வேண்டும்.

மாநகராட்சி அடுத்த நிதிநிலை அறிக்கையில் 'மாலை நேர இளையோர் மையங்கள்' என்று தனித் தலைப்பும், அதன்கீழ் சம்பளத்துக்கான தொகையும் கேட்கிறோம், கட்டடத்துக்கு வேண்டாம். கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் மண்டல அலுவலர் உத்தரவே போதும். பெரும்பாக்கத்துக்கு அது செல்லாது. அங்கே செங்கல்பட்டு ஆட்சியர், வாரியத்தின் மேலாண்மை இயக்குநர், தாம்பரம் ஆணையர் மூவரும் கையெழுத்திட்ட கூட்டு ஆணை வேண்டும். அது வர நாளாகும் என்பதால், நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திராமல் அதன் வரைவை இப்போதே தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
நகர்ப்புறச் சமூகப் பணியாளர்கள் சிலர்,
சென்னை.